வியாழக்கிழமைப் பரிசம்

மஹய்யாவ,
கண்டி.

அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். கட்டுக்கலைப் பிள்ளையார் புண்ணியத்தில் உன் அம்மாவும் நானும் சுகம், மஸ்கட் வெயிலிலும் நீ சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போனை எடுத்தால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார். இது அவர் காதுபடப் பேசும் விஷயமில்லை, அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ஷஹ்மாவின் தம்பி ஷப்ராஸ் ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

நம் வீடுகளுக்கு நடுவே உள்ள திடல், நகரத்தின் புதிய காணிப் பயன்பாட்டுத் திட்டத்தில் மாடி வைத்த வாகனத் தரிப்பிடமாகப் போகிறது. அளக்க வந்தவர்கள் ஒரு வேலைநாள் காலையில் வந்திருக்கிறார்கள். பெரியவர்கள் வேலைக்குப் போயாச்சு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், கொடியில் பெட்சீட் மட்டும் காய்ந்திருக்கும். பாவனையில்லாத வெற்றுக்காணி என்று பதிந்துவிட்டுப் போய்விட்டார்கள். கல்யாணமோ சாவோ நாம் கூடாரம் அடிப்பது அங்கேதான் என்று அவர்கள் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. நான் அந்த அலுவலகத்தில் படவரைஞனாக இருப்பதால் கோபமெல்லாம் என் தலையில். முன்வீட்டுப் பாப்பம்மா அத்தை, “நம்ம புள்ள கலர் அடிச்ச படத்துல நம்மளையே காணோமே” என்று நான் வேலைக்குப் போகும்போதெல்லாம் சொல்கிறார். தரிப்பிடம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குண்டசாலைப் பக்கம் மாதாமாதம் வீடு முளைக்கிறது, காலையில் அத்தனை வாகனமும் கண்டிக்குள்தான் வருகிறது, எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும். இந்த இடம் பிழை, அவ்வளவுதான்.

ஊரார் ஆட்சேபனை எழுதிப் போட்டதில், ஞாயிறு கழிந்து வரும் வியாழன் காலை அதிகாரிகள் மறுபடி பார்க்க வருகிறார்கள். அன்றைக்குக் கூடாரம் இருந்தால் நல்லது என்று பேச்சு வந்தது. கல்யாணம் எதுவும் கைவசம் இல்லை, எல்லாரும் கறுப்பையா மாமாவைப் பார்த்தார்கள். “என்னைய ஏன்டா பாக்குறீங்க, பென்சன் எடுக்கவே இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கேன்” என்றார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் உன் அம்மா, தர்ஷிகாவுக்குப் பரிசம் போட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். பெண் இல்லாமலா என்றேன். “அவ போன்ல வருவா தம்பி. தாஸிம் நானா அவரு கடையிலேருந்து பெரிய ஸ்கிரீன் தர்றேன்னுட்டாரு” என்கிறார். ஐயரோ பஞ்சாங்கத்தைத் திறக்குமுன்னே அதே வியாழன்தான் நல்ல நாள் என்றார், யார் சொல்லி வைத்தது என்று நான் விசாரிக்கவில்லை. கம்பளைக்கும் சொல்லியாகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டார் வேன் பேசிவிட்டார்கள், கதிரைகளும் சொல்லியாச்சு.

யோசனை கெட்டதல்ல. என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன், கண்ணீர் வடித்து எழுதிய ஆட்சேபனையைவிட நிற்கிற கூடாரத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் அதற்குள் உட்காரப் போவது உன் வாழ்க்கை. மாப்பிள்ளை மோகனராஜ் இரும்புக்கடையை ஒழுங்காக நடத்துகிறான், குடிப்பதில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உனக்கு அவனைப் பிடித்திருக்கிறதா என்பது தெரியாது. அம்மா கேட்டபோது “உங்க இஷ்டம்” என்றாய், அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு அது பதிலாகப் படவில்லை. அண்ணன் போன பிறகு உனக்கு அப்பா இடத்தில் நிற்கிறேன், வயதில் பத்து வருஷம்தான் மூத்தவன் என்றாலும் கேட்கிற உரிமை இருக்கிறது, கேட்கிறேன். மனசார விருப்பம் என்றால் “சரி” என்று அனுப்பு, நானே முன்னால் நின்று பந்தக்கால் நடுகிறேன். இல்லையென்றால் “வேணாம்” போதும், காரணம் எழுதாதே. கம்பளைக்கு நானே போய்ச் சொல்கிறேன். உன் அம்மா கொஞ்ச நாள் என்னோடு பேசமாட்டார், சோறு போடுவார். திடல் போனால் போகட்டும், ஊரில் மண்டபத்துக்கா பஞ்சம். ஊருக்காகத் தலையாட்டினேன் என்று மட்டும் பிறகு ஒருநாள் உன் வாயிலிருந்து நான் கேட்கக்கூடாது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்காதே. எந்தத் தேசத்தில் இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாய் இரு மகள். புதன்கிழமைக்குள் பதில் வரவேண்டும், என் நம்பருக்கு மட்டும். நீ ஒன்றும் அனுப்பாமல் இருந்தால் வியாழன் காலை கூடாரம் இல்லை.

உன் நலம் ஒன்றே வேண்டும்
சித்தப்பா கணேஸ்