முதலில் போனவள்

ஜூன் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். போனில் பேசினால் உன் தையல் கடையில் மிஷின்கள் எல்லாம் நின்று காதைத் தீட்டிக்கொள்கின்றன, அதனால் எழுதுகிறேன். தூக்கம் சரியில்லை. ஆய்வின் மூன்றாம் அத்தியாயம் நகர மாட்டேன் என்கிறது. பேராசிரியர் பக்கத்துக்குப் பக்கம் ‘ஏன்?’ என்று மட்டும் எழுதித் திருப்புகிறார்.

அப்படி என்னதான் படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். வங்கிகள் எப்படித் திடீரென்று விழுகின்றன என்று படிக்கிறேன். மாமா செயலாளராக இருக்கும் சிக்கன நாணயச் சங்கத்தையே எடுத்துக்கொள். நாம் போட்ட பணம் அங்கே பெட்டியில் இல்லை. யாருடைய ஆட்டோவாகவோ கடையாகவோ வெளியே கடனில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்டால், எவ்வளவு யோக்கியமான செயலாளரும் கையை விரிக்க வேண்டியதுதான். முதலில் போனவருக்கு முழுசாகக் கிடைக்கும், கடைசியில் போனவருக்கு ஒன்றும் இல்லை. அதனால்தான் பயம் வந்தால் எல்லாரும் ஓடுகிறார்கள்.

போதும், உனக்குக் கொட்டாவி வந்திருக்கும். மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் மகள்


ஜூன் 12

என் வாயாடிக்கு,

கொட்டாவி வரவில்லை. வந்த தூக்கமும் போயிற்று.

உன் கடைசி வருஷக் கட்டணத்துக்காகச் சீருடை தைத்துத் தைத்துச் சேர்த்ததெல்லாம் அந்தச் சங்கத்தில்தானே கிடந்தது? பெற்றவளை எச்சரிக்கத்தான் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். படித்த பெண் சும்மா எழுதுவாளா? மறுநாள் கதவு திறந்ததும் போய் நின்றேன்.

“என்னம்மா, மொத்தமுமா?” என்றார் உன் மாமா.

“பீஸ் கட்டணும்ண்ணே.”

“அதுக்கு இன்னும் நாள் இருக்கே.”

பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். மொத்தத்தையும் எடுத்துக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் நான் கொடுத்த பணத்தை அவர் ஒருநாளும் எண்ணி வாங்கியதில்லை. எவ்வளவு என்று நான் சொல்வேன், அப்படியே மேசைக்குள் போடுவார்.

எனக்குப் பின்னால் காய்கறிக் கடைக்காரர் நின்றிருந்தார். செயலாளரின் சொந்தத் தங்கையே துடைத்து எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? இப்போது சங்கத்து வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை வரிசை. ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்களாம். அண்ணி என் கடைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நான் என்னடி செய்யட்டும்?

அம்மா


ஜூன் 17

அம்மா,

அது எச்சரிக்கை இல்லை, உதாரணம். எனக்கு வேறு உதாரணம் கிடைக்காமல் போயிற்றே. மாமாவின் சங்கம் நல்ல சங்கம்தான். வரிசைதான் அதைக் கொல்லப் போகிறது.

பணத்தைத் திருப்பிப் போட்டுவிடு. மாமா வீட்டுக்குப் போய்க் கொடுக்காதே. வரிசை நிற்கும்போது, எல்லார் கண்ணிலும் படும்படி போ. மூழ்கினால் என் கட்டணமும் சேர்ந்து மூழ்கட்டும். ஒரு வருஷம் எங்காவது வேலை பார்த்துவிட்டு வந்து முடித்துக்கொள்கிறேன். தினமும் என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்ட மனுஷர் அவர். என்னால் உட்கார முடியவில்லை, அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

பேராசிரியரிடம் சொல்லி அழுதுவிட்டேன். “அப்ப மூணாவது அத்தியாயம் கிடைச்சாச்சே” என்றார், முகமெல்லாம் மலர்ந்து. அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

உன் மகள்


ஜூன் 28

கண்ணு,

போட்டுவிட்டேன். துணிப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையை விலக்கிப் போனேன். “பின்னால போய் நில்லும்மா” என்று ஒருவர் அதட்டினார். “எடுக்க வரல, போட வந்திருக்கேன்” என்றேன். அதட்டியவர் ஒதுங்கி வழிவிட்டார். காய்கறிக் கடைக்காரர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடையைத் திறக்கக் கிளம்பிவிட்டார். மறுநாள் பாதிப் பேர்தான். இப்போது யாருமே இல்லை. சங்கம் பிழைத்துக்கொண்டது, உன் கட்டணத்துக்கும் பயமில்லை.

எவ்வளவு என்று நான் சொன்னேன். உன் மாமா பையைக் கவிழ்த்து எண்ண ஆரம்பித்தார். விரலை நனைத்து நனைத்து, ஒரு தாள் விடாமல். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். “சரியா இருக்கு” என்று ரசீதை நீட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் தைத்த காசை எடுத்துக்கொண்டு போகிறேன். சங்கத்து வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறேன்.

உன் பேராசிரியர் சொல்கிறபடி எழுது, படிப்பை முடி. ஒன்று மட்டும் கேட்கிறேன். என்னைப் பற்றி எழுத வேண்டி வந்தால், முதலில் வந்து எடுத்தது ஒரு வாடிக்கையாளர் என்று போடு. தங்கை என்று போடாதே.

அம்மா