சும்மா சுற்றில் அணையாத கம்பி

பாய்,

உலக அழகிப் போட்டிக்காக நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு போலீஸ் நின்ற வருஷம் அது. கன்னடக்காரர் ஒருத்தர் டெல்லியில் பிரதமராக உட்கார்ந்திருந்தார். எலகங்காவில் முதல் முறையாக விமானக் கண்காட்சி வைத்து, ஆட்டோக்காரர் முதல் பால்காரர் வரை எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். எனக்கு வருஷத்தை எண்ணில் சொல்ல வராது. ஆனால் இந்த மூன்றையும் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. நாம் என்ஜின் பார்த்த விமானம் விழுந்தது அந்தக் கண்காட்சி முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி வாக்கில்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை நீங்கள் காலமாகி நாற்பதாம் நாள், பாத்திஹாவுக்கு அடுகோடி வீட்டுக்கு வந்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது பிரியாணி வாசனைக்கு நடுவில் இன்னொரு வாடை வந்தது. எரிந்த விளக்கெண்ணெய். பக்கத்தில் இருந்தவர் சட்டையிலிருந்து வந்தது. கேட்காமலே தெரிந்துவிட்டது, குட்டி விமானம் பறக்கவிடும் கிளப்பு ஆள், அதன் என்ஜினை ஓட்டிவிட்டு நேராக வந்திருக்கிறார். உங்களைப் பற்றி நல்லதாகத்தான் பேசினார். பிறகு எதிரில் இருந்தவரிடம், "பாய் கை தங்கம் சார். ஒரே தப்பு, எழுதப் படிக்கத் தெரியாத ஆள வேலைக்கு வெச்சிருந்தாராம். அவன் பிளக்க மாத்திப் போட்டு பெரிய பிளேனையே கவுத்துட்டானாம்" என்றார்.

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன்.

"அந்த ஆள் நான்தான். போட்டது நான் இல்ல. நீங்க நிம்மதியா சாப்பிடுங்க, அப்புறம் சொல்றேன்" என்றேன்.

அவர் பாதியில் எழுந்து கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லை. அவரிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் முதலிலிருந்து படிக்கச் சொல்லிக் கேட்பேன்.

ஆஸ்டின் டவுனிலிருந்து உங்கள் பட்டறைக்கு நடந்தே வருவேன். ஒரு லேத்து, ஒரு டிரில்லிங் மிஷின், பலகையில் வரிசையாகக் கிளப்புக்காரர்கள் பழுது பார்க்கக் கொடுத்த என்ஜின்கள், ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு. நான் வந்தது கூட்டிப் பெருக்க. பிளக்கு டப்பா ஒரு நாள் கவிழ்ந்ததால்தான் பிளக்கு வேலை என் கைக்கு வந்தது. நீங்கள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பிளக்கையும் வெளிச்சத்தில் காட்டி எழுத்தைத் தேடினீர்கள். எண்ணெயும் சூடும் பட்டு எழுத்தெல்லாம் எப்போதோ போயிருந்தது. நான் சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தேன்.

"எப்படிய்யா?"

"மூக்கப் பாருங்க பாய். இது நீட்டு மூக்கு, ஃபோர் ஸ்ட்ரோக்குது. அது சப்ப மூக்கு, டூ ஸ்ட்ரோக்கு. உள்ள கம்பியும் இதுல தடிப்பு."

"அரே முன்சாமி, பொண்ணு பாத்துட்டு வந்த மாதிரி சொல்றியே" என்று சிரித்தீர்கள்.

பைக்கு பிளக்கு மாதிரி இதில் பொறி பறக்காது. முனையில் ஒரு சுருள் கம்பி, அவ்வளவுதான். ஒன்றரை வோல்ட் பேட்டரி கொடுத்தால் பழுக்கும். என்ஜின் பிடித்ததும் பேட்டரியை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மெத்தனால் எரிகிற சூட்டில் கம்பி தானாகவே பழுத்தபடி இருக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் நெருப்பு உண்டு, அங்கே எந்தக் கம்பியும் பிழைத்துக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் நெருப்பு. நடுவில் ஒரு சுற்று சும்மா வரும். அந்தச் சும்மா சுற்றில் அணையாத கம்பி வேண்டும் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் "சும்மா சுத்து பிளக்கா, சாதா பிளக்கா?" என்று கேட்க ஆரம்பித்தீர்கள். படித்தவர்கள் விழிப்பார்கள். உங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

கண்ணுக்குப் பிடிபடாத பிளக்குக்கு என்னிடம் ஒரு சோதனை இருந்தது. சோடா பாட்டில் மூடியில் நாலு சொட்டு மெத்தனால் விட்டு, கம்பியைப் பழுக்க வைத்து அதன்மேல் பிடித்து, பேட்டரியைப் பிடுங்கிவிடுவேன். நல்ல கம்பி அந்த ஆவியிலேயே சிவப்பாக நிற்கும். நான் எண்ணுவேன். இருபது வரை நின்றால் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு எடுத்து வைப்பேன். "இருபதுக்கு மேல நின்னா?" என்று கேட்டீர்கள். "இருபதுக்கு மேல எனக்கு எண்ண வராது" என்றேன்.

விழுந்த அந்தப் பெரிய விமானம் கிளப்புக்குச் சொந்தம், அவர்களுடைய ரிமோட் விமானங்களிலேயே பெரியது. அதன் ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினுக்கு மூன்று மாதம் உட்கார்ந்து வால்வு இருக்கை கடைந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வரும் விருந்தாளிகள் முன்னால் அது பறந்துவிட்டால் கிளப்பின் எல்லா என்ஜினும் நம்ம பட்டறைக்கு வரும் என்று செயலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அவர் நம்ம தமிழ் ஆள்தான். தாத்தா மகாராஜா காலத்து சர்க்கார் உத்தியோகம், இவரும் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

ஓசூர் ரோட்டுப் பக்கம் காய்ந்த ஏரியில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் தேர்ந்தெடுத்த பிளக்கு என்ஜினில் இருந்தது. கிளப்பப் போகிற நேரத்தில் செயலாளர் பையிலிருந்து சீல் உடைக்காத பாக்கெட் ஒன்றை எடுத்தார். மாப்பிள்ளை வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்ததாம்.

"ஏம்ப்பா, அந்தப் பழச எடுத்துட்டு இதப் போடு. ஃபோர் ஸ்ட்ரோக்னு பிரிண்ட் பண்ணியிருக்கான் பாரு."

உள்ளே இருந்ததை உள்ளங்கையில் கொட்டினேன். சப்பை மூக்கு. முடி மாதிரிக் கம்பி.

"சார், இது டூ ஸ்ட்ரோக்குது. கடையில மாத்திப் போட்டுட்டான்."

"பாக்கெட்ல எழுதியிருக்குப்பா. நீ படிச்சியா?"

"பாக்கெட்ட படிக்க வராது சார். இது மூஞ்சி தெரியும்."

விவேக் நகரிலிருந்து டீ கேனோடு பஸ்ஸில் வரும் டீக்காரம்மாதான் அன்று விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் வெள்ளைச் சட்டை, எண்ணெய் தெறிக்கும் என்று தள்ளி நின்றார்கள். அவர் தலையைத் தூக்காமலே, "அப்ப பாக்கெட்டையே பறக்க உடுங்க சார்" என்றார். விருந்தாளிகளில் ஒருத்தர் சிரித்துவிட்டார். செயலாளர் முகம் சிவந்தது.

நான் சோடா மூடி கேட்டேன். நேரமில்லை என்றார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நாற்காலிகளைப் பார்த்தீர்கள்.

"சோடோ முன்சாமி, விடு. சார் சொல்றார்ல."

நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். நீங்கள் குனிந்து எடுத்து, பழைய பிளக்கைக் கழற்றி என்னிடம் தந்தீர்கள். பாக்கெட் பிளக்கை மாட்டியது உங்கள் கை, பாய். இத்தனை வருஷத்தில் இதை நான் வெளியே சொன்னதில்லை. நீங்கள் இருக்கும்வரை சொல்ல மனசும் இல்லை.

என்ஜின் பிடித்தது. பேட்டரி கிளிப்பை எடுத்ததும் சத்தம் ஒரு படி இறங்கியது. நிறுத்தச் சொல்லி நான் கையைத் தூக்கினேன். செயலாளர் ரிமோட்டில் ஓட்டுகிறவரிடம் திராட்டிலை ஏற்றச் சொன்னார், சத்தம் சரியாகிவிட்டது. முழு வேகத்தில் எந்தப் பிளக்கும் ஓடும். விமானம் மேலே ஏறி ஏரியை மூன்று சுற்று அழகாகத்தான் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்தார்கள். இரண்டு தடவை இருமியது, நின்றுபோனது. ஏரிக்கரையைத் தாண்ட முடியாமல் கல்லில் வந்து விழுந்தது.

"யார வேலைக்கு வெச்சிருக்கீங்க பாய்? ஏ பி சி தெரியாதவன!" என்று செயலாளர் கத்தினார். அத்தனை நாற்காலியும் என் பக்கம் திரும்பியது.

நான் தலை குனியவில்லை. நொறுங்கிக் கிடந்ததிலிருந்து பிளக்கைக் கழற்றினேன். டீக்காரம்மா எங்கிருந்தோ ஒரு சோடா மூடி கொண்டுவந்தார். எல்லார் முன்னாலும் பழுக்க வைத்து, பேட்டரியைப் பிடுங்கினேன். ஒன்று, இரண்டு. அணைந்தது. பிறகு என் சட்டைப் பையிலிருந்த பழைய பிளக்கு. இருபது வரை நான் எண்ணினேன். அதற்கு மேல் டீக்காரம்மா சத்தமாக எண்ணினார், முப்பத்தெட்டு வரை.

"விழுந்த அடியில கெட்டுப்போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு செயலாளர் காரில் ஏறினார்.

அடுத்த வாரம் பட்டறைக்கு வந்தார். வேலை முழுவதும் உங்களுக்குத்தான், ஒரே நிபந்தனை, இந்த ஆள் என்ஜினைத் தொடக் கூடாது என்றார். நான் மூலையில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் லேத்தை நிறுத்தவில்லை. கண்ணாடியை மட்டும் நெற்றிக்கு ஏற்றினீர்கள்.

"என்ஜினுக்கும் படிக்க வராது சார். அதுக்கு இவன் போதும்."

கிளப்பு என்ஜின் அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. பம்பு ஷாஃப்டும் மிக்ஸி புஷ்ஷும் கடைந்து காலம் தள்ளினோம். மன்னிப்பு என்று ஒரு சொல் நீங்கள் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எப்போதாவது தனி ஆள் யாராவது பிளக்கு கொண்டுவந்தால், சீல் போட்ட பாக்கெட்டாக இருந்தாலும், பிரித்து என் உள்ளங்கையில் கொட்டி "பாரு" என்பீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. இன்றைக்கும் உள்ளங்கையில் அந்தக் கனம் இருக்கிறது.

ஆனால் செயலாளர் கிளப்புப் புத்தகத்தில் தன் கதையை எழுதி வைத்துவிட்டார். எழுத்தில் இருப்பதால் உங்கள் நாற்பதாம் நாள் வரைக்கும் அது நடந்து வந்திருக்கிறது. சரி. இதோ, என்னுடையதும் எழுத்தில் இருக்கிறது. மருமகள் பிரதி எடுத்துக் கிளப்புக்கு அனுப்பப் போகிறாள். பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளட்டும்.

சாட்சி கேட்பார்கள். செயலாளர் போய் வெகு காலம் ஆகிறது. விமானத்தை ஓட்டியவர் அவருக்கு முன்பே போனார். நாற்காலியில் இருந்தவர்கள் யார் யார் என்று அன்றைக்கே எனக்குத் தெரியாது. நீங்களும் போய்விட்டீர்கள். என்னைத் தவிர டீக்காரம்மா ஒருத்தர்தான் மிச்சம். விவேக் நகரில், கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. நாம் யாரும் அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பாய். போன ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தேன். ஸ்டெல்லா மேரி.