றோஸ் ரீச்சரைத் தெரியாதெண்ட மகனுக்கு

லிங்கநகர்,
திருகோணமலை.
17.02.1980

மகன் லாபிருக்கு உம்மா எழுதுறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவலில இங்க நாங்கள் நோய்நொடி இல்லாமல் இருக்கிறம், அங்க நீயும் அப்படியே இருக்கோணும் எண்டு இண்டைக்கும் சுபஹுத் தொழுதிட்டு துஆக் கேட்டனான். கோவம் வேற, துஆ வேற. இவ்வளவு காலமும் உனக்கு நீங்க, உங்கட எண்டு மரியாதை வச்சுத்தான் எழுதி வந்தனான், இந்தக் கடிதத்தில அது வராது, ஏனெண்டு வாசிச்சுப் போகேக்க உனக்கே விளங்கும். கடை வாசலில நிண்டு வாசிக்காதே, அறைக்குக் கொண்டு போய் இருந்து வாசி.

வீட்டுக் கதையை முதல்ல சொல்லிப்போடுறன், பிறகு அதுக்கு மனம் வராது. மழை விட்டிட்டுது, குசினிப் பக்கம் ஒழுகின கூரைக்கு வாப்பா ஆள் பிடிச்சு ஓடு மாத்தினார். தங்கச்சி ரபீக்காவுக்கு நாலாம் மாசம், கிண்ணியாவில மீன் வாசம் தாங்க ஏலாது எண்டு இங்க வந்து நிக்கிறா, இந்த ஊரில மீன் வாசம் இல்லாத ஒழுங்கை எங்க இருக்கு எண்டு கேட்டால் அழுகிறா. வாப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனால் சைக்கிள் மிதிக்க ஏலாது, கடைக்கு நடந்துதான் போறார். நீ அனுப்பின கசட் றேடியோவைக் கடையில மேசைக்கு மேல வச்சு, கயிறு வாங்க வாற தோணிக்காரருக்கும் சாரம் வாங்க வாற கப்பல்காரருக்கும் என்ட மகன் சிங்கப்பூரில பெரிய கடையில நிக்கிறான் எண்டு சொல்லிச் சொல்லிப் பாட்டுப் போடுறார். அவருக்கு இன்னும் ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச நாளைக்கு அந்த மனிசன் என்ன செய்வார் எண்டு எனக்குச் சொல்லத் தெரியல்ல.

இனி நான் எழுத வந்த விஷயம். வேலிக்கு அந்தப் பக்கத்து றோஸ் ரீச்சர் மார்கழி லீவில ரீச்சர்மாரோட சேர்ந்து சிங்கப்பூருக்கு வந்து போனது உனக்குத் தெரியும். தெரியாதெண்டு மட்டும் எழுதாதே, அதை நீ ஒருக்கால் அவட முகத்துக்கு நேர சொல்லியாச்சு. அவங்கட மகள் இன்பமலருக்கு உயிர்த்த ஞாயிறு முடியக் கலியாணம் எண்டு போன கடிதத்தில எழுதியிருந்தனான். ரீச்சர்ட புருசன் பற்றிக் அண்ணன் துறைமுகத்தில இழுவைக் கப்பல் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழிச்சுக் காது ரெண்டும் செத்துப்போன மனிசன், கோயிலில மகள் சம்மதம் எண்டு சொல்ற ஒரு சொல்லு தனக்குக் கேக்கோணும் எண்டு அவருக்கு ஆசை. அதுக்காகத்தான் ரீச்சர் அந்தக் காதுக் கருவி வாங்க வந்தவ, மற்ற ரீச்சர்மாரைப் போல சேலையும் குடையும் வாங்கவல்ல. உன்ட கடை விலாசத்தை நான்தான் என்ட கையால எழுதிக் குடுத்தனான். அங்க வெளியூர் ஆக்களைக் கண்டால் மொட்டையடிக்கிற கடைகள் கனக்க இருக்கெண்டு ஆக்கள் கதைக்கினம், நீங்க ஒரு இடமும் போகாமல் நேர லாபிரிட்டப் போங்க எண்டு நான்தான் சொன்னனான்.

அவ திரும்பி வந்த அண்டு பின்னேரம் நானும் ரபீக்காவும் அங்க போனம். ரீச்சர் உன்னைக் கண்டதாகச் சொன்னா, நல்லா நிறம் வச்சிட்டான், கழுத்துப் பட்டியெல்லாம் கட்டித் துரை மாதிரி நிக்கிறான், உங்களைச் சுகம் விசாரிச்சவன் எண்டு சொன்னா. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோச்சு. பற்றிக் அண்ணன் வெள்ளைச் சேட்டுப் போட்டுக் கதிரையில இருந்தார், இன்பமலர் நாடா கட்டின பெட்டியைத் திறந்து கருவியை எடுத்து அவர்ட காதில வச்சா. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நிண்டம். கேக்குதா அண்ணன் எண்டு நான் கேட்டன். அவர் என்ட முகத்தைப் பார்த்தார், பிறகு சிரிச்சுக்கொண்டு, ஓம், நல்லாக் கேக்குது, லாபிருக்குப் புண்ணியம் கிடைக்கட்டும் எண்டார். நான் வீட்டுக்கு வந்து சந்தோசத்தில வட்டிலப்பம் அவிச்சு அனுப்பினனான். நினைச்சால் இப்பவும் எனக்கு உடம்பு பத்துது.

அதுக்குப் பிறகு நான் போற நேரமெல்லாம் அவர் அதைக் காதில வச்சுக்கொண்டுதான் இருப்பார், நான் என்ன சொன்னாலும் ஓம் ஓம் எண்டு தலையை ஆட்டுவார். போன கிழமை கொஞ்சம் முருங்கைக்காய் குடுப்பம் எண்டு பின் வழியால அவங்கட குசினிக்குப் போனன். குசினி மேசையில அந்தக் கருவி கிடந்தது, பின்பக்கம் வெடிச்சு, பற்றறி போடுற இடம் கறள் பிடிச்சு, காதுக்குள்ள வைக்கிற குமிழில ஆரோ ஒரு மனிசன்ட காதுக் குறும்பி மஞ்சளாய் ஒட்டியிருந்தது. ஆரோ பாவிச்செறிஞ்ச செத்த சாமான். அண்ணன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தார், கூப்பிட்டன், திரும்பல்ல, பலத்துக் கூப்பிட்டன், திரும்பல்ல. பிறகு தற்செயலாய் என்னைக் கண்டிட்டுப் பாய்ந்து போய் மேசையில கிடந்ததை எடுத்துக் காதில சொருகிக்கொண்டு, வாங்க தங்கச்சி, இருங்க எண்டார். வெங்காயக் கண்ணோட சிரிக்கிறார். என்ட கையில இருந்த முருங்கைக்காய் அப்படியே நிலத்தில விழுந்திட்டுது.

சத்தம் கேட்டு வந்த ரீச்சரைப் பிடிச்சு உலுப்பித்தான் உண்மையை எடுத்தன். சொல்ல மாட்டன் எண்டு நிண்டா, சொல்லாட்டி இந்தப் படலையை இனி மிதிக்க மாட்டன் எண்ட பிறகுதான் சொன்னா. தட்டுத்தட்டாய்க் கடைகள் உள்ள அந்தக் கட்டடத்துக்கு பஸ்ஸில ஏத்திக்கொண்டு போய் விட்டாங்களாம், உள்ளுக்கு ஐஸ்பெட்டிக்குள்ள மாதிரிக் குளிராம், படி தானா நடக்குமாம், ஒவ்வொரு கடை வாசலிலயும் பொடியன்மார் நிண்டு கொடி பிடிச்ச வழிகாட்டிக்குப் பின்னால போற வெளியூர்ச் சனத்தைக் கையைப் பிடிச்சு இழுக்கிறாங்களாம், ஒரு சாமானிலயும் விலை இல்லையாம், ஆளைப் பார்த்து விலையாம். அப்படி இழுக்கிற கூட்டத்தில ஒருத்தனாய் நீயும் நிண்டியாம், வேற ஒரு பேரைச் சட்டையில குத்திக்கொண்டு. லாபிர் எண்டு கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தவவை நீ பார்த்திட்டு, மன்னிக்கோணும், எனக்கு உங்கட பாஷை விளங்காது, நான் இந்த ஊர்க்காரன் எண்டு இங்கிலீசில சொன்னியாம். அந்த இங்கிலீசு உனக்கு எங்கால வந்தது? சோதினையில ரெண்டு தரம் தவறி நிண்ட உன்னை வருசக் கணக்காய் அவங்கட குசினி மேசையில இருத்தி, அடுப்பில சோறு கொதிக்கக் கொதிக்கச் சொல்லித் தந்தது அந்த மனிசி. அவ தந்த சொல்லுகளாலயே அவவைத் தெரியாது எண்டிட்டாய்.

அப்பவும் அவ உன்னைக் கோவிக்கல்ல. முதலாளி பக்கத்தில நிண்டவர், ராத்தா, ஊராக்களோட கதைக்கக் கூடாதெண்டு தடை போட்டிருப்பார், பிள்ளைட வேலைக்குப் பிழை வரக் கூடாதெண்டு நானும் தெரியாத ஆள் மாதிரி நிண்டன் எண்டா. உன்னை நம்பி ஒரு சதமும் குறைச்சுக் கேக்கல்லையாம். கருவியைத் தன்ட காதிலேயே வச்சுப் பார்த்தவவாம், அங்கால லிப்ட் மணி அடிச்சதும் கணீரெண்டு கேட்டதாம். பிறகு நீ அதை வாங்கிக்கொண்டு உள்ளுக்குப் போய்க் கட்டிக்கொண்டு வந்தாய். கட்டினது ஆர் எண்டு நான் ஒருக்கால் கேட்டன். திரும்பக் கேட்டன். அவன்ட கைதான் ராத்தா, எண்டா.

முதலாளி சொன்னார் செய்தன் எண்டு எழுதிப் போடாதே, நான் ஏற்கமாட்டன். முதலாளிக்குப் பயந்து அவவைத் தெரியாதெண்டு சொன்னாய் எண்டால் அதையாவது நான் விழுங்கியிருப்பன். உள்ளுக்குப் போய் நல்லதை எடுத்து வச்சிட்டுச் செத்ததைக் கட்டேக்க உனக்குப் பற்றிக் அண்ணன்ட முகம் வரல்லையா? அது ஆருக்கெண்டு ரீச்சர் சொல்லித்தானே கேட்டவ, என்ட புருசனுக்கு எண்டு சொல்லித்தானே கேட்டவ. ஊராக்களுக்குத்தான் இப்படி, வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நல்ல சாமான் குடுக்கிறம் எண்டு சொன்னாலும் எனக்குக் கோவம்தான் வரும், ரெண்டு பேருக்கும் இப்படித்தான் எண்டாலும் எனக்குக் கோவம்தான் வரும். வழி தெரியாமல் வாற மனிசன் ஆராயிருந்தால் என்ன. உன்ட வாப்பா நேவிக்காரர் காலத்தில இருந்து கரைக்கு இறங்கிற கப்பல்காரரோட யாபாரம் செய்யிறார், ஒருத்தனும் திரும்பி வந்து அவர்ட மேசையில சாமானை எறிஞ்சதில்ல.

எல்லாத்தையும் விட என்னைச் சுடுறது என்ன தெரியுமா, அவங்க ரெண்டு பேரும் எனக்காகப் பொய் சொன்னதுதான். நான் கத்திக்கொண்டு நிக்க, பற்றிக் அண்ணனுக்கு ஒண்டும் கேக்காமல் ரீச்சர்ட வாயையும் என்ட வாயையும் மாறி மாறிப் பார்த்தார். ரீச்சர் கையால காட்டி விளங்கப்படுத்தினா. அவர் கருவியைக் கழட்டி மேசையில வச்சிட்டு, பொடியனை ஏசி எழுதாதீங்க தங்கச்சி, தனிய இருக்கிற பிள்ளை எண்டார். அந்த மனிசன் அப்படிச் சொன்னதாலதான் இவ்வளவும் எழுதுறன். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்ப நான் சொல்றதைச் செய். உன்ட மச்சான் ஹிஸ்புல்லா வேலை செய்யிற தேயிலைக் கப்பல் வாற கிழமை இங்கயிருந்து சிங்கப்பூருக்கு வெளிக்கிடுது. இந்தக் கடிதத்தைத் தபாலில போட்டிட்டு, அந்தச் செத்த கருவியை மட்டும் அவனிட்டக் குடுத்து விடுறன். கழுவாமல் அப்படியே அனுப்புறன், திறந்து பார். நல்லது ஒண்டை வேற கடையில, உன்ட சம்பளத்தில வாங்கி, நீயே உன்ட காதில வச்சுப் பார்த்து, நீயே கொண்டு வா. தபாலில போடாதே, ஹிஸ்புல்லாவிட்டக் குடுத்து விடாதே. கலியாணத்துக்கு முதல் நீ வந்து, உன்ட கையால பற்றிக் அண்ணன்ட காதில வச்சு, நான் லாபிர் எண்டு தமிழில சொல்லு. அவர் கேக்குது எண்டு சொன்ன பிறகு எங்கட வீட்டுக்கு வா. அதுக்கு முதல் வராதே. அந்தக் கடையை விடு. ஊரில வாப்பாட கடை இருக்கு, இல்லாட்டித் துறைமுகத்தில மூட்டை தூக்கு, அதுக்கு நான் வெக்கப்பட மாட்டன்.

நேற்று நடந்ததையும் சொல்லி முடிக்கிறன். வாப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கடைக்குள்ள நுழைஞ்சன், குச்சவெளியில இருந்து வந்த ஒரு புருசன் பெஞ்சாதி நிண்டாங்க, மாசக் கடைசியில சிங்கப்பூர் போறாங்களாம், தையல் மிசின் வாங்கவாம். வாப்பா றேடியோவைக் குறைச்சுப்போட்டு உன்ட கடை விலாசத்தைச் சொல்லிச் சொல்லிக் குடுத்தார், என்ட மகன் பார்த்துச் செய்வான் எண்டார், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அவருக்கு முன்னால வாய் வரல்ல. அவங்க வெளிக்கிட்டதும் சோத்துப் பெட்டியை வச்சிட்டுப் பின்னால ஓடினன், மீன் சந்தைக்குக் கிட்டப் பிடிச்சன், மூச்சு வாங்க நிண்டுகொண்டு, அந்தக் கடைக்குப் போகாதீங்க எண்டன். அந்தப் பெஞ்சாதிப் பிள்ளை ஏன் எண்டு கேட்டா. கேள்விப்பட்டன் எண்டு ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்லல்ல. அங்க நிக்கிறவன் நான் பெத்த பிள்ளை, அதாலதான் சொல்றன் எண்டன். அந்தப் பிள்ளை என்ட கையைப் பிடிச்சுக்கொண்டா. சந்தைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு போச்சு.

குளிருக்குள்ள நிக்கிற வேலை, நெஞ்சில சளி கட்ட விடாதே, நேரத்துக்குத் தின். தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல புத்தியையும் நீண்ட ஆயுளையும் தந்து, தலை நிமிர்ந்து ஊருக்குள்ள வர வைக்கட்டும். கப்பல் வந்து சேர்ந்த அண்டைக்கே ஹிஸ்புல்லாவைப் போய்ப் பார், மறந்திடாதே.

உன்னைப் பெத்த உம்மா,
உம்மு குல்சும்