ஒரே சஹனில் இரண்டு வீரர்கள்

ஷார்ஜா

அன்புள்ள உம்மாவுக்கு மசூது ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலம். உங்கள் முட்டுவலி தேவலையா? ஏரல் ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதா?

லீவு நாளில் அறையில் நாங்கள் நான்கு பேர் ஒரு கதை விளையாட்டு ஆடுகிறோம். ஆளுக்கொரு வீரன், பகடை உருட்டிப் பூதத்தோடு சண்டை. பகடை என்றதும் பதறாதீர்கள், காசு வைத்து ஆடுவதில்லை. விளையாட்டில் ஒரு குறை. ஒவ்வொரு அடிக்கும் வீரனின் உயிர்ப்புள்ளி குறையும்; அது தீர்ந்தவன் ஆட்டத்தை விட்டே போய்விட வேண்டும். மணப்பாட்டுக் கெவின் முதல் சண்டையிலேயே விழுந்துவிட்டு, "செத்தவனுக்கு இங்கன என்னலே சோலி?" என்று போர்த்திப் படுத்துக்கொண்டான்.

அதனால் விதியை மாற்றினேன். நம் விருந்தில் ஒரே சஹன் தட்டில் சாப்பிடுகிறவர்கள், கூட இருப்பவன் முடிக்கும்வரை எழமாட்டார்கள் அல்லவா? அதேபோல் இரண்டிரண்டு வீரர்கள் ஒரு சஹன்; எனக்குக் கெவின் ஜோடி. அடி விழுந்தால் இருவருக்கும் பாதிப் பாதி. ஒருவன் சாய்ந்தால் மற்றவன் வாளை வைத்துவிட்டு அவனைத் தூக்க வேண்டும். இப்போது யாரும் நடுவில் படுக்கப் போவதில்லை.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். லேசானதுதான். கெவின் வேலைக்குப் போகாமல் கஞ்சி வைத்துத் தந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தான்.

"போலே, சம்பளம் பிடிப்பான்" என்றேன்.

"ரூலு போட்டது நீதானலே" என்றான்.

தாஜ் முகம்மது மாமா இங்கே வரும்போது, பரண்மேல் கிடக்கும் சஹனைக் கொடுத்துவிடுங்கள். பெரியது வேண்டாம், சின்னது போதும். இங்கே ஆளுக்கொரு டப்பாவில்தான் சாப்பிடுகிறோம்.

வேலை வண்டி ஹாரன் அடிக்கிறது.

உங்கள் மகன்
மசூது