உள்ளதை எழுதிய தாள்

12, செவ்வாய்

ஸ்டெல்லா அக்காவை நான்தான் மாட்டிவிட்டேன்.

ஆபீஸுக்கு ஒரு கடிதம் வந்தால் பதில் போக ஒன்பது நாள் ஆகிறது. எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒவ்வொரு டேபிளிலும் தாள் வைத்தேன். செய்த வேலை, ஆன நேரம், இரண்டையும் அவரவரே எழுத வேண்டும். எல்லோரும் எட்டு மணி நேரத்தையும் இட்டு நிரப்பினார்கள். தபாலை ரிஜிஸ்டரில் ஏற்றும் ஸ்டெல்லா அக்கா மட்டும்தான், வீட்டுக்குப் போகும் லிங்கராஜபுரம் பஸ்ஸில் என்னிடம் கேட்டார்.

“என்னம்மா எழுதட்டும்?”

“உள்ளதை எழுதுங்கக்கா. ஒண்ணும் ஆகாது.”

எழுதிவிட்டார். ‘மூன்று மணிக்கு மேல் வேலை இல்லை. சும்மா இருந்தேன்.’ தினமும் அதே வரி, முத்து முத்தான கையெழுத்தில்.

இன்று மேனேஜர் அந்த வரியில் விரலை வைத்தார். “இந்த வேலைக்கு ஒரு ஆள் எதுக்கு மேடம்? தபாலை ஸ்கேன் பண்ணா போதும். மாசக் கடைசியோட அவங்களை அனுப்பிடலாம்.”

ஒன்பதில் ஐந்து நாள் கடிதம் தூங்குவது அவர் டேபிளில்தான். அந்தக் கணக்கும் என் கையிலேயே இருந்தது. “சரி சார்” என்றேன். நாளைக்குப் போய் அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டால்? அப்புறம் என் வேலை...

கடவுளே, என்ன செய்வேன்.

சாயங்காலம் பஸ்ஸில் அக்கா எனக்கு சீட் பிடித்து வைத்திருந்தார். “தாள் தீந்துபோச்சும்மா, வேற இருக்கா?”

பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.