நாற்றம் நின்றால் வெளியே வா

ஆம்பூர்,
ஜூன் 19, புதன்கிழமை

அன்பு மகள் அக்சாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் கர்த்தர் கிருபையால் நலம், அங்கே அந்த வெந்நீர் ஊற்றுப் பூங்காவில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி லியா குட்டியும் சுகமாக ஊர் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் காலையிலும் ஜெபித்தேன். இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி ஜாஸ்திதான், ஆனாலும் நீ அனுப்பிய வீடியோவைப் பக்கத்துத் தெரு மஹ்பூபி வீடு வரைக்கும் நடந்துபோய்க் காட்டிவிட்டு வந்தாள். காருக்கு முன்னால் காட்டெருமைகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதே, அதைப் பார்த்ததும் ஒரு தோல் எத்தனை சதுர அடி தேறும் என்றுதான் என் கண் போனது, முப்பது வருஷம் தோல் பதனிடும் டேனரியில் நின்றவனுக்கு வேறு என்ன தோன்றும். மாப்பிள்ளை கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினார், அது வேண்டாம் என்று சொல். தரையைப் பிளந்துகொண்டு வெந்நீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியதை அம்மா நாலு தடவை போட்டுப் பார்த்தாள்.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். அந்த வீடியோவின் கடைசியில், முதல் நாள் அழுகின முட்டை நாத்தம் தாங்கல, இப்ப ஒண்ணுமே தெரிலப்பா, பழகிடுச்சு என்று சிரித்தாய். உனக்குப் பின்னால் லியா பலகைப் பாதையின் ஓரத்தில் குந்திக்கொண்டு கொதிக்கும் குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று நாள் அங்கேதான் இருப்போம் என்கிறாய். அந்த நாற்றம் எனக்குத் தெரியும் அக்சா. டேனரிக் கழிவுத் தொட்டியில் வருவதும் அதே வாயுதான். கொஞ்சமாக இருந்தால் நாறும், ஜாஸ்தியானால் மூக்கைச் சாகடித்துவிடும், பிறகு நாற்றமே தெரியாது. பழகிப்போவதும் உண்டு, மூக்கு செத்துப்போவதும் உண்டு, எது என்று நமக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் படுத்திருக்கும், லியாவுக்கு மூக்கு உன் இடுப்பளவுக்குத்தான் வரும். அங்கே திறந்தவெளி, காற்றடிக்கும், ஒன்றும் ஆகாது என்று மாப்பிள்ளை சொல்வார், அது சரியாகவே இருக்கும். ஆனாலும் பலகையை விட்டு இறங்காதே, குழந்தையைக் குனியவிடாதே, நாற்றம் நின்றுவிட்டது என்று தோன்றினால் அவளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடு. உனக்கு எப்படிப்பா தெரியும் என்று கேட்பாய். அதற்குப் பதில் போனில் சொல்ல என்னால் ஆகாது, அம்மா பக்கத்திலேயே இருப்பாள்.

நீ பிளஸ் டூ எழுதிய வருஷம் உன் ஜெபநேசன் மாமா தொட்டியில் இறங்கிச் செத்தான். மேஸ்திரியான என்னைக் கேட்காமல் இறங்கிவிட்டான் என்று போலீசிலும் சர்ச்சிலும் உன் அம்மாவிடமும் சொன்னேன். அது பொய். மூடியைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் விளிம்பில் நின்றோம். நாற்றம் போகும்வரை நிற்பது, போனதும் இறங்குவது, அப்போது எங்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். கால் மணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. "நாத்தம் போய்டுச்சி மச்சான், இன்னும் கொஞ்சம் நிக்கலாமா?" என்று கேட்டான். மதியத்துக்குள் தொட்டி அடைப்பை எடுத்து பம்ப் ஓட வேண்டும் என்று எனக்கு அவசரம். "இன்னாத்துக்கு நிக்கற, எறங்கு" என்றேன். ஏணியின் நாலாவது படியில் கையை விட்டான், சத்தம்கூட வரவில்லை. இழுக்க நான் இறங்கவில்லை, பயந்துவிட்டேன். மூக்கு எப்படிச் சாகும் என்பதைப் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்தான் பிறகு எனக்கு விளக்கினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் உன் அம்மா தம்பிக்குப் பூ வைத்துவிட்டு, அவசரக்குடுக்கை, அக்காவ நெனச்சியா நீ என்று அவனைத் திட்டி அழுகிறாள். நான் பக்கத்தில் மெழுகுவர்த்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் தபாலில் போட்டால் நீ ஊர் திரும்பிய பிறகுதான் வரும், போனில் படம் எடுத்து அனுப்பவோ எனக்குத் தெரியாது. அனுப்பப் போவது அம்மாதான். படத்தில் எழுத்து தெளிவாக விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாள், அவள் பழக்கம் உனக்குத் தெரியும். மஹ்பூபி வீட்டில் கொடுத்து அனுப்பச் சொல்லலாம் என்று செருப்பு வரைக்கும் மாட்டிவிட்டேன். பிறகு கழற்றிவிட்டேன். அம்மாவிடமே கொடுக்கிறேன்.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் வழியெல்லாம் காப்பாராக, லியாவுக்கு என் முத்தம். பலகைப் பாதையை மறக்காதே. இது கிடைத்ததும் போன் செய், என்னிடம் வேண்டாம், முதலில் அம்மாவிடம் பேசு.

உன் அப்பா,
சாந்தகுமார்