தொட்டி மூடியை வரைந்தவள்

நேற்று பாகலூர் சாலையில் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்தது. அங்கே வேலை செய்யும் பெண் தீனி போட வந்தாள். மூடியை இரண்டு கைகளாலும் தூக்கித் தரையில் வைத்தாள். பிறகுதான் தீனி டப்பாவைத் தேடி மேஜைக்குப் போனாள். என்ன அசட்டு மூடி என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அந்த வாசனை வந்தது. விளக்குச் சூட்டில் வெந்த ஈரப் பலகையின் வாசனை. என் பெயரைக் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. காது மந்தம் என்று அந்தப் பெண் நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

நீங்கள் போய்ப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் படத்துக்கு நாள்தோறும் பூ வைக்கிறேன். ஆனால் இதை உங்களிடம் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஐம்பதுகளின் நடுவில், நமக்குக் கல்யாணமான மறு வருஷம், மத்திகிரி மாட்டுப் பண்ணையில் நீங்கள் மோட்டாரும் மின்கம்பியும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. குவார்ட்டர்ஸுக்குக் கரண்டு வந்த புதிது. பெங்களூரில் ஊர் திரும்பும் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று சாமான்களை ஏலம் விட்டபோது, இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியை எனக்காக வாங்கி வந்தீர்கள். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததில் முழங்கால் இரண்டும் கன்றிப் போயிருந்தன. அந்த அன்பை நான் மறுக்கவில்லை.

தொட்டிக்கு மூடி இல்லை. முதல் வாரத்திலேயே ஒரு மீன் துள்ளி வெளியே விழுந்து, மேஜைக்கடியில் காய்ந்து கிடந்தது. நீங்கள் ஒரு பலகையை எடுத்து மேலே போட்டீர்கள். உள்ளே இருட்டாகிவிட்டது. மீன் எதற்கு, பார்க்கத்தானே? கட்டம் போட்ட தாளில், உள்ளே விளக்கு வைத்த மூடி ஒன்றை அன்றே வரைய ஆரம்பித்தேன். கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் எனக்கு உருப்படியாகக் கற்றுத் தந்தவை இரண்டு. நேராகக் கோடு போடுவது ஒன்று. அளந்த பிறகு இன்னொரு முறை அளப்பது மற்றொன்று.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வேலை நடந்தது. தேயிலைப் பெட்டியின் பலகையை நீங்கள் அறுத்தீர்கள். உள்பக்கம் வெளிச்சத்தைக் கீழே திருப்ப பிஸ்கட் டின் தகட்டை அடித்தோம். மூடி ஒரே துண்டாக இருக்கட்டும் என்றீர்கள். கூடாது என்றேன். முன்பாதி மட்டும் கீலில் மடிந்து பின்னால் சாய வேண்டும், ஒரு கையால் திறந்து மறு கையால் தீனி போட வேண்டும்.

"மாட்டுக் கொட்டாய்க்குக்கூட ஒத்தக் கதவுதான். மீனுக்கு ரெண்டு கதவா?"

"மாட்டுக்குக் கொம்பு இருக்கிறது, தானே தள்ளித் திறக்கும். அறுங்கள்."

"சரிங்க மேஸ்திரியம்மா" என்று குனிந்து கும்பிட்டீர்கள்.

பல்புக்குக் கீழே ஒரு கண்ணாடித் தகடு. நீராவி ஏறி பல்பைத் தொடாமல் அது தடுக்கும். அந்தத் தகடு மட்டமாக இருந்தால் துளிகள் அங்கங்கே தேங்கி, விளிம்பு வழியாக மேலே கசிந்து, சூடான பல்பை வெடிக்க வைக்கும். ஆகவே முன்விளிம்புக்கு அடியில் ஒரு மெல்லிய குச்சி வைத்துச் சற்றே உயர்த்தினேன். துளியெல்லாம் பின்பக்கம் வழிந்து தொட்டிக்குள்ளேயே விழும்.

"மீனுக்கு ஓட்டு வீடு கட்டறியா?" என்று சிரித்தீர்கள். வார்னிஷ் காய்ந்து முதல் முறை விளக்கைப் போட்டபோது, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அந்த மாலைக்கு ஈடாக என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

பத்து நாள் கிருஷ்ணகிரியில் அம்மா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பினேன். மேஜை வெறுமையாக இருந்தது; தொட்டி இல்லை.

"பெரிய ஆபீசர் வீட்டுல கேட்டுட்டாங்க. நான் எப்படி மாட்டேங்கறது? வேலை பர்மனென்ட் ஆவறதுக்கு அவர் கையெழுத்துதான வேணும்" என்றீர்கள். எனக்கு வலித்தது. ஆனால் வேலை முக்கியம் என்பது எனக்கும் தெரியும். விழுங்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அந்த அதிகாரியின் மனைவி நம் இருவரையும் தேநீருக்குக் கூப்பிட்டார். மைசூர்ப் பக்கத்துப் பெண்மணி, கன்னடம் கலந்த தமிழ், நல்ல மனசு. "நாங்க கேக்கவே இல்லரீ. அவரே தூக்கிண்டு வந்து கொடுத்தார். இந்த மூடி, லைட்டு எல்லாம் அவரே யோசன பண்ணி, ஒத்தரா செஞ்சாராமே! ரொம்ப புத்திசாலிரீ உங்க யஜமான்ரு" என்றார். நீங்கள் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"ஆனா மூணாவது பல்பு வெடிச்சிருச்சு. அவரும் ரெண்டு தடவை வந்து பாத்தார். என்னான்னே தெரியலையாம்."

எழுந்து போய் மூடியைத் திறந்தேன். ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. என் குச்சி இல்லை. தொட்டியை எடுத்துப் போகும்போது ஏதோ குப்பை என்று பிடுங்கிப் போட்டிருக்கிறீர்கள். மூன்று ஞாயிறுகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், அது எதற்கு அங்கே இருந்தது என்பது உங்களுக்குத் தெரியவில்லை.

தீப்பெட்டி ஒன்று கேட்டேன். இரண்டு குச்சிகளின் மருந்தைக் கிள்ளிவிட்டுத் தகட்டின் முன்விளிம்புக்கு அடியில் செருகினேன். புது பல்பு போட்டார்கள். நாம் தேநீர் குடித்து முடிக்கும் வரை அது எரிந்தது. துளிகள் வரிசையாகப் பின்பக்கம் ஓடுவதை அந்த அம்மாள் குனிந்து பார்த்தார்.

"அட! இது உங்களுக்கு எப்படித் தெரியும்ரீ?"

"அவரையே கேளுங்கள்" என்றேன்.

கதவை அகலத் திறந்து வைத்தேன் உங்களுக்கு. 'இது அவ போட்ட படம்' என்று சொன்னால் போதும். பர்மனென்ட் உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நீங்கள் சிரித்தீர்கள். "என்னைப் பாத்துப் பாத்து இவளும் கத்துக்கினாங்கம்மா."

அந்த அம்மாள் கைதட்டினார். நான் கோப்பையைத் தட்டில் சத்தமில்லாமல் வைத்தேன். வீடு வரை நடந்தோம். வழியில் ராகிக் கதிரைப் பற்றி ஏதோ பேசினீர்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்கு நான் எந்தப் படமும் காட்டவில்லை. ஓசூரில் வீடு கட்டியபோது சமையலறை அலமாரி, துணி காயப் போடும் கொடி, மழைநீர்க் குழாய் எல்லாம் என் திட்டம்தான். ஆசாரியை வரவழைத்து அவரிடம் நேராகக் கொடுத்தேன். தாளின் மூலையில் மையால் என் பெயர் எழுதினேன். "என்கிட்ட சொன்னா நான் செஞ்சு தரமாட்டேனா?" என்று ஒருமுறை கேட்டீர்கள். "ஆசாரி வந்துவிட்டார்" என்றேன். ரம்பத்தை எடுத்துத் துடைத்து மறுபடி பரண் மேல் வைத்தீர்கள். பார்த்தேன். ஆசாரிக்குக் காபி கலக்கப் போனேன். மேஸ்திரியம்மா என்று கூப்பிட அதன் பிறகு உங்களுக்குச் சந்தர்ப்பமே வரவில்லை.

கடைசி வாரம், ஆஸ்பத்திரியில், மருந்துக் கரண்டியோடு நான் நின்றபோது என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "மத்திகிரில... அந்தம்மா ஊட்டுல, தொட்டிய நீ..." என்று ஆரம்பித்தீர்கள்.

"பேசாமல் முழுங்குங்கள்" என்றேன்.

முழுங்கினீர்கள். மறுநாள் உங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அன்று நீங்கள் சொல்ல வந்தது என்ன? ஒப்புக்கொள்ள வந்தீர்களா, அல்லது 'நீ எவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்ட' என்று அந்தப் பழைய பொய்யையே இன்னொரு முறை சொல்ல வந்தீர்களா? பாதி வாக்கியத்தை நம்பி யாரையும் மன்னிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் பாத்திரம் துலக்கும்போது, கோயிலில் வரிசையில் நிற்கும்போது, அந்த வாக்கியத்தை உங்கள் குரலில் நானே முடித்துப் பார்க்கிறேன். சில நாள் நியாயமாக முடிகிறது. பல நாள் அப்படி முடிவதில்லை.